நாக்கும் மூக்கும் யார் கொடுத்தது? மரபணுவும் ஐம்புலனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மரபியல் பாடம் தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் பாடப் புத்தகத்தில் இருக்காது. "எனக்கு மட்டும் ஏன் சார் பாகற்காய் இவ்வளவு கசக்குது?" என்பான் ஒருவன். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இரத்த வகையைப் பற்றிக் கேட்பார். வருஷக்கணக்கில் அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் இவை. வரிசை ஒன்றும் பெரிதாகப் பார்க்கவில்லை.

மரபணு, டிஎன்ஏ, குரோமோசோம்: மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஒன்றுக்குள் ஒன்று. டிஎன்ஏ என்பது நூல் போன்ற ஒரு நீளமான மூலக்கூறு. ஒரே ஒரு செல்லில் இருப்பதை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அந்த நூலை 46 கண்டுகளாகச் சுற்றி வைத்திருக்கிறது உடம்பு. அந்தக் கண்டுகள்தான் குரோமோசோம்கள். ஈழத்துப் பாடநூல்களில் நிறமூர்த்தங்கள். நூலின் நெடுக ஆங்காங்கே, இன்ன புரதத்தை இப்படிச் செய் என்ற குறிப்பு எழுதிய துண்டுகள் வரும். அந்தத் துண்டுதான் மரபணு. புரதம் செய்யும் மரபணுக்கள் நமக்கு ஏறத்தாழ 20,000 உண்டு.

புலன்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கண்ணில் ஒளியைப் பிடிப்பதும் நாக்கில் கசப்பைப் பிடிப்பதும் மூக்கில் வாசனையைப் பிடிப்பதும் புரதங்கள்தான். ஏற்பி என்று அவற்றைச் சொல்கிறோம். குறிப்பில் ஓர் எழுத்து மாறினால் ஏற்பியின் வடிவம் மாறும். அப்போது உங்களுக்குத் தெரிகிற சுவை எனக்குத் தெரியாமல் போகலாம்.

பாதி அப்பா, பாதி அம்மா என்றால் அண்ணன் தம்பி ஏன் ஒரே அச்சாக இல்லை?

எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குரோமோசோம்கள் 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும், இதுவா அதுவா என்பது சுண்டிவிட்ட காசு மாதிரி. 23 முறை காசைச் சுண்டினால் வரக்கூடிய வரிசைகள் கிட்டத்தட்ட 84 லட்சம். இது அப்பா பக்கம் மட்டும். அம்மா பக்கமும் இதே 84 லட்சம். போதாக்குறைக்கு, ஜோடிகள் பிரியும் முன் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. இத்தனைக்குப் பிறகும் உடன்பிறந்தவர்கள் ஓரளவு ஒத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஓங்கு பண்பு என்றால் வலுவானது, ஒடுங்கு பண்பு என்றால் பலவீனமானதா?

பெயர் செய்த வினை. மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் பட்டாணிக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்ததில், இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மூன்றுக்கு ஒன்று. ஆனால் ஏன் சுருங்கியது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. அதற்கான விடை 1990-இல்தான் கிடைத்தது. ஸ்டார்ச்சைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியின் மரபணு அந்தப் பட்டாணியில் பழுதாகிக் கிடந்தது. ஸ்டார்ச் குறைந்து சர்க்கரை கூடியது, விதை தண்ணீரை அதிகம் இழுத்து உப்பியது, காய்ந்ததும் சுருங்கிவிட்டது.

ஒவ்வொரு மரபணுவும் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். அதில் ஒரு நல்ல பிரதி இருந்தாலே வேலை நடந்துவிடும், அதனால் உருண்டை 'ஓங்கி' நிற்கிறது. இதில் வீரமும் இல்லை, பலவீனமும் இல்லை. ஓங்கு பண்பு என்றால் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகத்தான் வருகிறது. தெருவில் எத்தனை பேருக்கு ஆறு விரல் பார்த்திருக்கிறீர்கள்?

நாக்கைக் குழல் போல் மடக்குவது, ஒட்டிய காது மடல் இவையெல்லாம் ஒற்றை மரபணுப் பண்புகள்தானே?

இல்லை. நாக்கு மடக்குவதை 1940-இல் அப்படி எழுதியவர் ஸ்டர்ட்டிவன்ட் என்ற மரபியலாளர். பிற்பாடு ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வரவில்லை என்று தெரிந்ததும் அவரே பின்வாங்கிவிட்டார். புத்தகங்கள்தான் இன்னும் பின்வாங்கவில்லை. காது மடலும் அப்படியே, நடுத்தரமாக ஒட்டியவை எத்தனையோ வகை உண்டு. அப்பாவுக்கு நாக்கு மடங்காமல் உங்களுக்கு மடங்கினால் வீட்டில் போய் விசாரணை வைக்காதீர்கள்.

அப்படியானால் ஒற்றை மரபணுவுக்கு நல்ல உதாரணம் எது?

கசப்புத் தாள். பிடிசி என்ற வேதிப்பொருளில் நனைத்துக் காயவைத்த சின்னத் தாள் துண்டு. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் கொடுப்பேன். நாக்கில் வைத்த அடுத்த நொடி பாதிக்கு மேற்பட்டவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீர்ப் பாட்டிலைத் தேடுவார்கள். மிச்சப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்: "சார், வெறும் பேப்பர்தானே?" கசந்தவர்கள் கசக்காதவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்பார்கள். அந்தச் சண்டைக்காகவே இந்தப் பாடத்தை எனக்குப் பிடிக்கும்.

1931-இல் இந்தச் சண்டை ஒரு ஆய்வகத்திலேயே நடந்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பிடிசி தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று புகார் சொன்னார். அதைவிடக் கிட்டே நின்ற ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மாற்றி மாற்றி ருசித்துப் பார்த்த பிறகுதான், குறை தூளில் இல்லை, நாக்கில் இருக்கிறது என்று புரிந்தது. டிஎன்ஏ சோதனை வருவதற்கு முன் ஒரு காலத்தில் தந்தை யார் என்ற வழக்குகளில்கூட இந்தத் தாளைப் பயன்படுத்தினார்கள்.

2003-இல் மரபணு அகப்பட்டது. பெயர் டிஏஎஸ்2ஆர்38, இருப்பிடம் 7-ஆம் குரோமோசோம். மூன்று இடங்களில் எழுத்து மாறினால் கசப்பு தெரியாது. இரண்டு பிரதியும் கசப்பறியும் வகையாக இருப்பவர்களுக்குத் தாங்க முடியாத கசப்பு; ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் நடுத்தரம். ஆக, இதுகூட மெண்டலின் பட்டாணி போல அத்தனை சுத்தமாகப் பிரிவதில்லை. இன்னொரு செய்தி: சிம்பன்சிகளிலும் சிலவற்றுக்குப் பிடிசி கசக்காது. அதை 1939-லேயே கண்டார்கள். ஆனால் அவற்றின் மரபணு வேறு இடத்தில் பழுதாகியிருக்கிறது. நமக்கும் அவற்றுக்கும் தனித்தனியாக நடந்த விபத்து.

என் பையன் பாகற்காயைத் தொடவே மாட்டேன் என்கிறான். அதுவும் இந்த மரபணுவா?

அவசரப்படாதீர்கள். டிஏஎஸ்2ஆர்38 பிடிப்பது முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துக் காய்களில் இருக்கிற ஒரு வகைக் கசப்பை. பாகற்காயின் கசப்பு வேறு பொருட்களால் வருவது. மனிதனுக்குக் கசப்பு ஏற்பிகள் சுமார் 25 வகை உண்டு. ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது. இனிப்புக்கு ஒரே ஒரு ஏற்பி ஜோடி போதும், கசப்புக்கு மட்டும் ஏன் இத்தனை என்றால், செடிகள் செய்யும் நஞ்சுகள் பலவும் கசக்கும். கசப்பறிவது காவல்காரன் வேலை.

குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் கசப்பு உறைக்கும் என்பதும் உண்மை. எனவே பையன் செய்வது வெறும் அடம் என்று முடிவு கட்ட முடியாது. மரபணுதான் என்றும் சொல்லிவிட முடியாது. வேப்பம்பூ ரசத்தை பத்து வயதில் துப்பிய நானே இன்று கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். என் ஏற்பிகள் மாறிவிடவில்லை, பழக்கம் மாறியது.

நாம் அறுசுவை என்கிறோம், அறிவியல் ஐந்து என்கிறது. எது சரி?

எதைச் சுவை என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கும் இரு பட்டியலிலும் உண்டு. நம் பட்டியலில் மிச்சம் இரண்டு: துவர்ப்பு, கார்ப்பு. இவை இரண்டுக்கும் சுவை மொட்டில் ஏற்பி இல்லை.

வாழைப்பூவை ஆய்ந்து பச்சையாக ஓர் இதழை மென்று பாருங்கள், அல்லது பழுக்காத நாவல் பழத்தைக் கடியுங்கள். நாக்கு சொரசொரப்பாகி, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். அதிலுள்ள டானின் எச்சிலில் இருக்கும் வழுக்கும் புரதங்களோடு ஒட்டித் திரித்துவிடுவதால் வாய் வழவழப்பை இழக்கிறது. பெரும்பாலும் அது தொடு உணர்வு. கார்ப்பு அதற்கும் மேலே ஒரு படி: அது வலி. மிளகாயின் காப்சாய்சின் போய் ஒட்டுவது டிஆர்பிவி1 என்ற ஏற்பியில். அந்த ஏற்பியின் உண்மையான வேலை சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வந்தால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்வது. மிளகாய் கள்ளச் சாவி போட்டு அதைத் திறந்துவிடுகிறது. இதைக் 1997-இல் கண்டறிந்த குழுவின் டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. மிளகாய் இங்கே வருவதற்கு முன்பு நம் சமையலில் காரம் கொடுத்த மிளகும் இதே ஏற்பியைத்தான் தட்டுகிறது.

அறிவியல் பட்டியலின் ஐந்தாவது உமாமி. 1908-இல் ஜப்பானின் கிகுனே இகேடா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட்டின் சுவை. மறு வருஷமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. பழுத்த தக்காளியை வதக்கும்போதும் கருவாட்டுக் குழம்பிலும் வருகிற அந்தக் கனமான ருசியில் இதற்குப் பெரிய பங்கு. அதற்கு ஒரு தமிழ்ப்பெயர் வைக்காமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. வாய்க்குள் நடப்பதை எல்லாம் சேர்த்து எண்ணினால் நம் ஆறு ஒன்றும் தப்பில்லை. ஏற்பிகளை மட்டும் எண்ணினால் ஐந்து.

இனிப்பு ஏற்பியை நேரில் பார்க்க ஆசையா? சிறுகுறிஞ்சான் இலை ஒன்றிரண்டை நன்றாக மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுங்கள். மணலை மெல்வது போல் இருக்கும். இலையில் இருக்கிற பொருள் இனிப்பு ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்வதால் சர்க்கரைக்கு இடமில்லை. சற்று நேரத்தில் சரியாகிவிடும். பூனைக்கு இந்தப் பரிசோதனையே தேவையில்லை. அதன் இனிப்பு ஏற்பி மரபணுக்களில் ஒன்று என்றைக்கோ பழுதாகிவிட்டது.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று படம் போட்டுப் படித்தோமே?

அழித்துவிடுங்கள். 1901-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டிய மிகச் சிறிய வேறுபாட்டைப் பிற்பாடு பெரிதாக்கி வரைந்த படம் அது. சுவை மொட்டு இருக்கிற எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். உப்பை நாக்கு நுனியில் வைத்தாலே போதும், படம் பொய் என்று தெரிந்துவிடும்.

சிலருக்கு எவ்வளவு காரமும் தாங்குகிறதே, பிறவியிலேயே அப்படியா?

கொஞ்சம் பிறவி, நிறையப் பழக்கம். திரும்பத் திரும்பக் காப்சாய்சின் பட்டால் அந்த நரம்புகள் மரத்துப்போகின்றன. கிளி விஷயம் வேறு. அது மிளகாயைக் கொய்யாப்பழம் போலத் தின்பதற்குக் காரணம், பறவைகளின் டிஆர்பிவி1 ஏற்பியில் காப்சாய்சின் ஒட்டுவதில்லை. செடிக்கும் அது வசதி: விதையை மென்று அரைக்கும் விலங்கு விலகிப் போகும், முழுதாக விழுங்கிப் பரப்பும் பறவை வரும். காரம் தாங்காவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள், காப்சாய்சின் நீரில் கரையாது. தயிர் நல்லது.

சளி பிடித்தால் ஏன் சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது?

சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மணம். மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடியை நாக்கில் போடுங்கள். பிறகு மூக்கை விடுங்கள். ஏலக்காய் அப்போதுதான் வந்து சேரும்.

மூக்கின் ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் கண்டுபிடித்தார்கள், 2004-இல் நோபல். நம்மிடம் வேலை செய்பவை ஏறத்தாழ 400. ஒரு வாசனை ஒரு ஏற்பியை மட்டும் தட்டுவதில்லை. சில ஏற்பிகள் சேர்ந்து மீட்டுகிற ஒரு சேர்க்கைதான் மல்லிகை, இன்னொரு சேர்க்கைதான் மண்ணெண்ணெய். இந்த 400-இல் ஆளுக்கு ஆள் எவை பழுது என்பது மாறும். ஆகவே இருவருக்கு ஒரே மூக்கு கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம். கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி நாறுகிறது என்று சிலர் சொல்வதற்கும் ஒரு மணம் அறியும் மரபணுவோடு தொடர்பு இருப்பதை 2012-இல் கண்டார்கள். நம் பக்கம் அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. கொத்தமல்லியோடு பிறந்து வளர்கிறோம்.

நாள் முழுக்கப் பூ கட்டுகிறவருக்குப் பூ மணக்காமல் போவது மரபணு அல்ல. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் செய்தியை நரம்புகளும் மூளையும் ஒதுக்கிவிடுகின்றன. சற்று வெளியே போய் வந்தால் மறுபடி மணக்கும்.

நிறக்குருடு என்றால் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியுமா?

அது மிக அரிது. பெரும்பாலோருக்கு இருப்பது சிவப்பு பச்சை வேறுபாட்டில் குழப்பம். என் தாய்மாமாவுக்கு அப்படித்தான். மதுரைப் பக்கம் ஒரு சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தார். தக்காளிக் கூடையைக் கொட்டியதும் காய் தனி, பழம் தனி என்று பிரிக்க வேண்டும். மாமா கண்ணால் பிரிக்க மாட்டார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்துவார், காம்புப் பக்கம் மூக்கருகே கொண்டுபோவார், பிறகுதான் போடுவார். கூட்டம் அதிகமான நாளில் அத்தை வந்து உட்கார்ந்தால் அந்த வேலை ஐந்து நிமிஷம். "ஏன்டா மாப்ளே, இது சிவப்பாடா?" என்று என்னிடமும் கேட்பார். கண்ணில் ஏதோ மறைக்கிறது என்றுதான் ஊரில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. சிவப்புப் பக்கத்து அலைகளைப் பிடிக்கும் புரதத்துக்கும் பச்சைப் பக்கத்துப் புரதத்துக்கும் ஆன மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலிருப்பதால், துண்டுகள் மாறிக்கொள்ளும் நேரத்தில் அடிக்கடி ஒன்று தொலைந்தோ இரண்டும் கலந்தோ போய்விடுகிறது. நீல மரபணு தள்ளி 7-ஆம் குரோமோசோமில் இருப்பதால் தப்பித்தது.

இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் அணுக்கொள்கைக்குப் பேர்போன ஜான் டால்டன், 1794-இல். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்தார். செத்த பிறகு வெட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-இல் பார்த்தார்கள், நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த கண்ணிலிருந்து 1995-இல் டிஎன்ஏ எடுத்தபோது பச்சைப் புரத மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது.

ஒரு உப செய்தி: மாட்டுக்குக் கூம்பு வகை இரண்டே. சிவப்புத் துணியைப் பார்த்து மிரளுகிறது என்பது கதை. துணி ஆடுவதைப் பார்த்து மிரளுகிறது.

ஏன் ஆண்களுக்கே அதிகம் வருகிறது?

ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்றுப் பிரதி இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100-க்கு 8 பேர், பெண்களில் 200-க்கு ஒருவர் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் அளவு. மற்ற மக்களிடம் பொதுவாக இதைவிடக் குறைவு. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குத் தாண்டி வரும். நிறக்குருடான அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகாது, மகனுக்கு அவர் கொடுப்பது ஒய் குரோமோசோம்.

வேலைக்குப் போகும்போது, நிறப்புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புள்ளிப்படத்தில்தான் முதன்முதலாகப் பலருக்குத் தெரியவருகிறது. ரயில் ஓட்டுநர் வேலை கிடைக்காது. கார், பைக் உரிமத்துக்கு 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியதால், லேசான, மிதமான குறை உள்ளவர்கள் வாங்கலாம். பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. வரைபடத்தில் பச்சை மாவட்டத்தைக் காட்டச் சொல்லி அடி வாங்கிய பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் பூனைக்கண். எப்படி?

பழுப்பு, பச்சை, நீலம் எல்லாம் மெலனின் என்ற ஒரே நிறமி கூடக்குறைய இருப்பதுதான். நீல நிறமி என்று ஒன்று கண்ணில் கிடையாது. வானம் நீலமாகத் தெரிவது போல ஒளிச் சிதறல். 15-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஓசிஏ2, அதன் பக்கத்து ஹெர்க்2 இரண்டும் முக்கியம், துணைக்கு இன்னும் பல. பரம்பரையில் மறைந்து வந்த பிரதிகள் ஒருத்தியிடம் கூடிவிட்டன. அவ்வளவுதான்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் காது கேளாத குழந்தை பிறக்கும் என்கிறார்கள். பயமுறுத்தலா?

பயமுறுத்தல் இல்லை, ஆனால் 'பிறக்கும்' என்பது மிகை. மரபணுவால் வரும் பிறவிச் செவிடு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாக வருகிறது. உலகெங்கும் அதிகம் பார்க்கப்படுவது கனெக்சின் 26 என்ற புரதத்தின் மரபணுப் பழுது. உள்காதில் அயனிகள் செல்லிலிருந்து செல்லுக்குக் கடக்கும் வழி அதனால் அடைபடுகிறது. அப்பா அம்மா இருவரிடமும் ஒரு பழுதுப் பிரதி இருந்தால், இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

அந்நியத்தில் கட்டினால் இருவரிடமும் அதே பழுது இருப்பது அபூர்வம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர்கள் இருந்து, அதற்குள்ளேயே பெண் எடுத்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோர்க்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. அதைக் காட்டியே பெரியவர்கள் வாதாடுவார்கள். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது அவர்களுக்கு விழுந்த காசைப் பற்றிய செய்தி. நிச்சயத்துக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்வேன். ஜாதகத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதி போதும்.

குழந்தை பிறந்ததும் செவித்திறன் சோதனை செய்வது முக்கியம். உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்பிளான்ட்டை எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது.

காது போவதெல்லாம் மரபணுவாலா?

இல்லவே இல்லை. ஒரு காதுக்குள் ஒலியை நரம்புச் செய்தியாக்கும் ரோம செல்கள் சுமார் 15,000தான். செத்தால் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பது தொழிற்சாலைகளில் எல்லையாக வைக்கிற அளவு. திருவிழா ஒலிபெருக்கி அருகில் நின்றால் சில நிமிஷங்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். ஹெட்போன் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லிச் சலித்துவிட்டேன்.

காதுக் குறும்பி சிலருக்குப் பிசுபிசு, சிலருக்குப் பொடிப்பொடி?

இது சுத்தமான ஒற்றை மரபணு, ஒற்றை எழுத்து மாற்றம். ஏபிசிசி11, 2006-இல் கண்டது. கிழக்காசியாவில் பொடி அதிகம். பொடிக் குறும்பிக்காரர்களுக்கு அக்குள் வாடையும் குறைவாக இருக்கும்.

புலன்கள் ஐந்துதானா?

தொல்காப்பியம் உயிர்களைத் தொடுவுணர்வில் தொடங்கி நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஏறுவரிசையில் அடுக்கி, ஆறாவதாக மனதை வைத்தது. இன்று எண்ணினால் இன்னும் சில சேரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். சரியாகத் தொட்டீர்களா? கை எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது? தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்விகள். அதற்கு முக்கியமான பீஸோ2 புரதத்தை ஆர்டெம் படபூட்டியன் குழு கண்டது. 2021 நோபலில் மறுபாதி அவருக்கு. இந்த மரபணு இரண்டு பிரதியும் பழுதான சிலர் இருக்கிறார்கள். விளக்கை அணைத்தால் அவர்களால் நேராக நடக்க முடியாது. சமநிலை உணர்வு உள்காதின் அரைவட்டக் குழல்களில் இருக்கிறது. மலைப் பாதையில் பஸ்ஸில் புத்தகம் படித்தால் குமட்டுவதற்கு, கண் சொல்வதும் அந்தக் குழல் சொல்வதும் ஒத்துப்போகாததுதான் காரணம்.

அப்பா அம்மா இருவரும் ஓ வகை, பிள்ளை ஏ வகை. சாத்தியமா?

பந்திக் கேள்வி இதுதான். சாதாரணமாகச் சாத்தியமில்லை. முதலில் சோதனையை மறுபடி செய்யுங்கள், தவறு அங்கேதான் அதிகம். இரண்டாவது, பம்பாய் வகை. 1952-இல் மருத்துவர் பெண்டேவும் சகாக்களும் பம்பாயில் கண்டது. ஏ, பி இரண்டும் கட்டப்படுவது ஹெச் என்ற அடித்தளத்தின் மேல். ஹெச் செய்யும் மரபணு இரண்டும் பழுதானால், உள்ளே ஏ மரபணு இருந்தும் சோதனையில் ஓ என்றே காட்டும். பிள்ளைக்கு மற்றவரிடமிருந்து நல்ல ஹெச் கிடைத்ததும் மறைந்திருந்த ஏ வெளியே வந்துவிடும். இந்தியாவில் சுமார் 10,000-க்கு ஒருவர். அவர்களுக்கு இரத்தம் தேவைப்பட்டால் சாதாரண ஓ இரத்தம் ஆகாது, அதே பம்பாய் வகைதான் வேண்டும். இது தெரியாமல் மனைவியைச் சந்தேகப்பட்டு விடாதீர்கள்.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன, கருத்தரித்த அன்றே முடிந்த விஷயம். பால் நல்லது, குடிக்கட்டும். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவில் எக்ஸ் வந்ததா ஒய் வந்ததா என்பதைப் பொறுத்தது. மருமகளைத் திட்டுகிற மாமியார் திட்ட வேண்டிய ஆள் தன் மகன்.

வாழ்நாளில் நாம் பெற்றது பிள்ளைக்குப் போகுமா?

எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம்? இன்னும் ஒரு குழந்தையும் துளையோடு பிறக்கவில்லை.

என் தாய்மாமாவுக்கு நிறக்குருடு. என் பிள்ளைக்கு வருமா?

இதை என் வீட்டுக் கணக்காகவே போட்டுவிடுகிறேன். மாமாவுக்கு அந்த எக்ஸ் கொடுத்தவர் என் பாட்டி. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு அது வந்திருக்க வாய்ப்பு பாதி. எனக்கு நிறம் சரியாகத் தெரியும், ஆகவே எனக்கு வரவில்லை. நான் மகனானதால் என் பிள்ளைகளுக்கும் என் வழியாக வராது. எனக்கு ஒரே அக்கா. நான் பிறப்பதற்கு முன் கணக்குப் போட்டிருந்தால் அக்காவிடம் இருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று, அவள் மகனுக்கு எட்டில் ஒன்று. ஆனால் நான் தப்பித்தது அம்மாவின் கணக்கைப் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது. அதனால் அக்காவுக்கு ஆறில் ஒன்று, அவள் மகனுக்கு 12-இல் ஒன்று.

அக்கா மகனுக்கு ஆறு வயதானபோது இஷிஹாரா படத்தை எடுத்துப் போய்க் காட்டினேன். சரியாகத் தெரிபவர்கள் 74 என்று படிக்கிற பக்கம். அவன் தயங்காமல் 21 என்றான். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானேடா சொல்றான்?" என்றார். 12-இல் ஒன்று அதோடு முடிந்தது. அம்மா, அக்கா இருவரிடமும் அந்த எக்ஸ் இருக்கிறது. அக்காவின் இளையவள் பெண். அவளுக்கு நிறம் தெரியும், அவளிடம் அது இருக்க வாய்ப்பு பாதி.